சம்பளத்திற்கு வேலை, மாநிலத்திற்கு ஆட்டம்: போர்ட் கிள்ளான் காற்பந்தின் ஒரு காலம்

1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் திறக்கப்பட்டு 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றப்பட்ட துறைமுகம், ரயில்வேயையும் கப்பல்துறையையும் நம்பித் தமிழ்த் தொழிலாளர் பலர் குடியேறிய இடமாகும். வேலை முடிந்த மாலைகளில் திடலில் இறங்கிய இத்தகைய ஊர்களின் இளைஞர்களே சிலாங்கூர் காற்பந்தின் அடித்தளமாக விளங்கினர்.

'மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் வழங்கிய கிண்ணத்திற்காக 1921இல் தொடங்கிய மலாயாக் கிண்ணம், மாநிலங்களுக்கிடையிலான போட்டியாகும். அதன் முதல் இறுதியாட்டத்தில் சிலாங்கூர் 1-2 என்ற கோல் கணக்கில் சிங்கப்பூரிடம் தோற்றது. பின்னாளில் மலேசியக் கிண்ணமாக மாறிய இப்போட்டி, 1989 வரை அமெச்சூர் முறையில், அதாவது ஆட்டத்தையே பிழைப்பாகக் கொள்ளாதவர்களைக் கொண்டு நடைபெற்றது. அரசுத்துறையோ, வங்கியோ, வாரியமோ வேலை கொடுத்து, பயிற்சிக்கும் போட்டிக்கும் விடுப்பளித்தது. குடும்பத்தைக் காத்தது அந்த மாதச் சம்பளமே.

இம்முறையின் உச்சத்தைக் காட்டியவர் போர்ட் கிள்ளானைச் சேர்ந்த கோல்காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கரங்களால் 'ஸ்பைடர்மேன்' எனப் புகழ்பெற்ற அவர், 1980 ஏப்ரல் 6 அன்று மெர்டேக்கா அரங்கில் நடந்த ஒலிம்பிக் தகுதியாட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராக மலேசியக் கோலைக் காத்தார். ஜேம்ஸ் வோங் அடித்த வெற்றிக் கோலால் மலேசியா 2-1 என வென்று மாஸ்கோவுக்குத் தகுதி பெற்றபோதிலும், சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்ததைக் கண்டித்து நாடு அப்போட்டியைப் புறக்கணித்தமையால், அத்தலைமுறைக்கு ஒலிம்பிக் வாய்ப்பு கைநழுவிப்போனது. 1988 டிசம்பரில் ஆறுமுகம் 35 வயதிலேயே கார் விபத்தில் மறைந்தார்.

அடுத்த ஆண்டே பகுதி-தொழில்முறை லீக்கும், 1994இல் முழுத் தொழில்முறையும் வந்தன. அன்று முதல் ஒப்பந்தம் முடிந்ததும் குழுவிட்டுக் குழு மாறும் ஆட்டக்காரர் வகை பெருகியது; ஊதியம் உயர்ந்தது, ஆனால் காயமோ மூப்போ வந்த நாளில் திரும்பிச் செல்ல ஓர் அலுவலக நாற்காலி இல்லாமற்போனது. தேசியச் சீருடை அணியும் பேறு சிலருக்கே வாய்த்தது. கிண்ணப் போட்டியைப் பல்லாண்டு நடத்திச்சென்றவர்களோ, பகலில் உழைத்து மாலையில் ஆடி, பெயர் பதிவாகாமலே ஓய்ந்த பலர். அவர்களையும் சேர்த்து எழுதினாலன்றி மலேசியக் காற்பந்தின் வரலாறு முழுமை பெறாது.