மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயறிதலில் நரம்பு உடலியங்கியலின் இடம்: இயன் மெக்டொனால்டின் ஆய்வுப் பணி

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயை உறுதிசெய்ய நரம்பியல் மருத்துவர்கள் பின்பற்றும் விதித்தொகுப்பு, 2001ஆம் ஆண்டு முதல் மெக்டொனால்டு அளவுகோல் என வழங்கிவருகிறது. இதனால் இயன் மெக்டொனால்டு (1933–2006) ஒரு வல்லுநர் குழுவின் தலைவராக மட்டுமே நினைவுகூரப்படுவதும், அந்த அளவுகோல் எம்.ஆர்.ஐ. கருவி ஈன்ற குழந்தையாகக் கருதப்படுவதும் இயல்பாகிவிட்டன. அக்கருவி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் செய்த நரம்பு உடலியங்கியல் ஆய்வுகளே அந்த அளவுகோலின் அடித்தளம் என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றிலுள்ள நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் என்னும் கொழுப்புறையை உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தாக்கிச் சிதைப்பது இந்நோயின் இயல்பு. நரம்பு மண்டலத்தின் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் சிதைவு நேர்ந்திருப்பதை நிறுவினால்தான் நோய் உறுதியாகும் என்றிருந்ததால், முதல் தாக்குதலோடு வந்தவருக்கு இரண்டாம் தாக்குதல் வரும்வரை மருத்துவர் காத்திருக்க வேண்டியிருந்தது. 1983இல் போசர் குழு வகுத்த விதிகளும் இந்தக் காத்திருப்பை நீக்கவில்லை.

நியூசிலாந்தின் வெலிங்டனில் பிறந்து ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் பயின்ற மெக்டொனால்டு, தொண்டை அடைப்பான் நச்சைப் பூனைகளின் நரம்புகளில் செலுத்தி, நரம்பிழை பெரிதும் கெடாமல் மையலின் மட்டும் அழியும்போது மின்துடிப்பு தாமதமாகிறது அல்லது அடியோடு தடைபடுகிறது எனக் காட்டினார். லண்டனின் நரம்பியல் மையமான குயின் ஸ்குவேரில் சக ஆய்வாளர் சியர்சுடன் இணைந்து 1970இல் வெளியிட்ட ஆய்வு, தண்டுவடத்திலும் அவ்வாறே நிகழ்வதை நிறுவியது. தாமதம் என்பது அளக்கக்கூடியது. அவரது பிற்காலப் பணி முழுவதும் இந்த ஒரு முடிவிலிருந்தே கிளைத்தது எனலாம். 1972இல் ஹாலிடே, முஷின் ஆகியோருடன் சேர்ந்து, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இடம்மாறும் திரையை நோயாளிகளைப் பார்க்கச் செய்து, பின்மண்டையில் பொருத்திய மின்முனைகளால் மூளையின் மறுவினையைப் பதிவுசெய்தார். ஏறத்தாழ 100 மில்லிநொடியில் உச்சம் தொடவேண்டிய அந்த அலை, பார்வை நரம்பு அழற்சி கண்டவர்களிடம் தாமதமாகவே எழுந்தது. பார்வை தெளிந்த பின்னரும் தாமதம் நீங்கவில்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வோ, கண்ணில் எக்குறையும் உணர்ந்திராத மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடமும் இத்தாமதம் இருப்பதைக் காட்டியது. நோயாளி அறியாத சிதைவை, அவர் உயிரோடிருக்கும்போதே மருத்துவர் அறிய முடியும் என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

1981இல் எம்.ஆர்.ஐ. வழியே இந்நோயின் தழும்புகளை முதலில் காட்டியவர்கள் வேறொரு லண்டன் குழுவினர். படத்தில் தெரியும் வெண்புள்ளி எந்த நிகழ்வைக் குறிக்கிறது என்று கேட்டதே மெக்டொனால்டு குழுவின் தனித்தன்மை. காடோலினியம் என்னும் சாயப்பொருள், இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு உடைந்த புதிய சிதைவுகளில் கசிவதை அவர்கள் ஆராய்ந்ததால், புதிய புண்ணையும் பழைய தழும்பையும் பிரித்தறிய முடிந்தது. முதல் தாக்குதலுக்கு மூன்று மாதங்களுக்குப் பின் படத்தில் தோன்றும் புதிய சிதைவையும் இரண்டாம் தாக்குதலுக்கு நிகராகக் கொள்ளலாம் என்ற 2001ஆம் ஆண்டு விதி இத்தகைய ஆய்வுகளின் பயனே.

இந்த அளவுகோல் மருத்துவரைப் படத்திற்கு அடிமையாக்கிவிட்டது என்றும், ஒற்றைத்தலைவலி உடையோரிடமும் முதியோரிடமும் காணப்படும் புள்ளிகள்கூட இந்நோயாகப் பிழைபடக் கொள்ளப்படுகின்றன என்றும் எழும் குறையில் உண்மை உண்டு. ஆயினும் அறிகுறிகளுக்கு வேறு சிறந்த விளக்கம் இருக்கக்கூடாது என்பதை மூலவிதியே வலியுறுத்துவதால், பிழை விதியைவிட அதைக் கையாள்வோரையே பெரிதும் சாரும். உண்மையான குறை வேறிடத்தில் இருந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் பார்வை நரம்பைச் சிதைவு இடங்களின் பட்டியலில் சேர்க்காமல் விட்டது. 2024ஆம் ஆண்டுத் திருத்தமே அதை ஐந்தாம் இடமாக ஏற்று, கட்டங்கள் இடம்மாறும் திரைச் சோதனையில் தெரியும் தாமதத்தையும் அதற்குரிய சான்றாக அனுமதித்தது.