குறட்டைக்குப் பக்கத்தில் விழித்திருந்தவர்கள்

எங்கள் வரதராஜன்பேட்டைப் பக்கம் குறட்டைக்குக் கெட்ட பெயர் கிடையாது. முந்திரிக்காட்டில் நாளெல்லாம் வேலை பார்த்த ஆள் ராத்திரி திண்ணை அதிரக் குறட்டை விட்டால், "உழைச்ச உடம்பு, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குது" என்பார்கள். கும்பகர்ணன் என்று கேலி செய்வதில்கூடப் பாதி பாராட்டுதான். குறட்டை என்றால் ஆழ்ந்த தூக்கம் என்ற இந்த நம்பிக்கை நம்மூருக்கு மட்டும் சொந்தமானதல்ல. உலகம் முழுக்க இருந்தது. மருத்துவமே அதிலிருந்து வெளியே வந்து அறுபது வருஷம்தான் ஆகிறது.

சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் தொடராக எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன் வருவான். நின்றபடியே தூங்கிவிடுவான். வாசகர்கள் சிரித்தார்கள். நூற்றிருபது வருஷம் கழித்து, 1956இல், அமெரிக்காவின் பாஸ்டனில் பர்வெல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு நோயாளியைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அதிக எடை கொண்ட தொழில் நிர்வாகி அவர். சீட்டாட்டத்தில் மூன்று ஏஸ், இரண்டு ராஜா என்று அருமையான கை வந்தும், பந்தயம் கட்டாமல் தூங்கிப்போய்விட்டார். அதற்குப் பிறகே மருத்துவமனையில் சேர்ந்தார். டிக்கன்ஸின் நாவலை நினைவுபடுத்தி அந்த நோய்க்கு 'பிக்விக்கியன் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். காரணத்தை எடையிலும், ரத்தத்தில் தேங்கும் கார்பன் டை ஆக்சைடிலும் தேடினார்கள். அதில் உண்மை இருக்கிறது. அப்படியொரு நோய் இன்றும் தனியாக உண்டு. ஆனால் தூங்கும்போது தொண்டையில் என்ன நடக்கிறது என்ற கேள்வி அங்கே மையத்துக்கு வரவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க யாராவது ராத்திரி கண் விழிக்க வேண்டியிருந்தது. 1965இல் இரண்டு இடங்களில் அது நடந்தது. பிரான்சின் மார்செய் நகரில் காஸ்தோவும் சகாக்களும், ஜெர்மனியின் ஃப்ரைபூர்க்கில் யுங், கூலோ இருவரும், இப்படிப்பட்ட நோயாளிகளின் மூளை அலைகளையும் மூச்சையும் தூக்கத்தின்போது பதிவு செய்தார்கள். தூக்கத்தில் மூச்சு திரும்பத் திரும்ப நின்று நின்று வந்தது அந்தப் பதிவுகளில் தெரிந்தது. நன்றாகத் தூங்குவதாக எல்லோரும் நினைத்த ஆள், ராத்திரி முழுக்க சரியாகத் தூங்கவே இல்லை!

நடப்பது இதுதான். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் மென்மையான அண்ணமும் சரிந்து காற்றுப் பாதையை அடைத்துவிடும். நெஞ்சு மூச்சிழுக்கப் போராடும், காற்று போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை அபாயத்தை உணர்ந்து ஒரு கணம் எழுப்பிவிடும், ஒரு உறுமலோடு மூச்சு திரும்பும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. குறைந்தது பத்து விநாடி மூச்சு நின்றால் அது கணக்கில் வரும். மூச்சு நிற்பதும் வெகுவாய்க் குறைவதும் சேர்ந்து மணிக்கு ஐந்து முறைக்கு மேல் என்றால் நோய், முப்பதைத் தாண்டினால் கடுமையான நோய். எங்கள் மென்பொருள் மொழியில் சொன்னால், ராத்திரி முழுக்க ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும் சர்வர். காலையில் லாகைப் படிக்காதவரை யாருக்கும் தெரியாது.

ஆரம்பத்தில் கடுமையான நோயாளிகளுக்கு இருந்த முக்கியமான வைத்தியம், கழுத்தில் ஓட்டை போடுவது. 1969இல் கூலோ அதைச் செய்து காட்டினார். பகலில் மூடிக்கொள்ளலாம், ராத்திரி திறந்து வைக்கலாம். 1976இல் ஸ்டான்ஃபோர்டில் கில்மினோவும் சகாக்களும் 'ஸ்லீப் ஆப்னியா சிண்ட்ரோம்' என்று விரிவாக எழுதினார்கள். 1980இல் சிட்னியில் காலின் சல்லிவன் வேறு வழி யோசித்தார். பாதை உள்ளே சரிகிறது என்றால், மூக்கு வழியாக லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தால் அது சரியாமல் நிற்காதா? ஆரம்பக் கருவிகளில் வாக்குவம் கிளீனர் மோட்டார்களே ஓடின. மூக்கில் குழாயைப் பசை வைத்து ஒட்டினார்கள். ஐந்து நோயாளிகளின் முடிவுகள் 1981 ஏப்ரலில் 'லான்செட்' இதழில் வந்தன. இன்று சிபாப் என்று விற்கும் இயந்திரம் அதன் வாரிசுதான்.

இது வெள்ளைக்காரர்களின் நோய் என்று நினைக்க வேண்டாம். மும்பையின் ஹிந்துஜா மருத்துவமனையில் உத்வாடியாவும் சகாக்களும் 35 முதல் 65 வயது வரையிலான ஆண்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். அவர்கள் நோயாளிகளாக வந்தவர்கள் அல்ல, வழக்கமான உடல் பரிசோதனைக்கு வந்தவர்கள். பகல் தூக்கம் உள்ளிட்ட அறிகுறிகளோடு நோய் இருந்தவர்கள் 7.5 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் 69 வயதில் இறந்த இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் மரணத்துக்கு மருத்துவர் சொன்ன காரணமும் இதே ஸ்லீப் ஆப்னியாதான். 'டிஸ்கோ டான்சர்' பாட்டுக்கு ஆடியவர்கள் பலர் அன்றைக்குத்தான் அந்த வார்த்தையையே கேள்விப்பட்டார்கள்.

மாரடைப்பு, பக்கவாதம், இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவற்றோடு இந்த நோய்க்குத் தொடர்பு உண்டு. மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தத்தின் பின்னால் பலமுறை இது ஒளிந்திருக்கிறது. வாகனம் ஓட்டுபவர்களுக்கு விபத்து வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்கின்றன ஆய்வுகள். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் எங்கள் மாவட்டத்தில் இதை வெறும் புள்ளிவிவரமாகப் படிக்க முடியவில்லை. லைசென்ஸ் எடுக்கும்போது கண்ணைச் சோதிக்கிறோம், தூக்கத்தை யார் கேட்கிறார்கள்?

சிபாப் எல்லாவற்றையும் தீர்க்கும் என்றும் சொல்ல முடியாது. ஏற்கெனவே இதய, மூளை ரத்தநாள நோய் இருந்தவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. பகல் தூக்கமும் மனநிலையும் மேம்பட்டன. ஆனால் அதில் சராசரியாக ஒருவர் முகமூடி போட்டது ராத்திரிக்கு 3.3 மணி நேரம் மட்டுமே. இயந்திரம் சில பத்தாயிரம் ரூபாய். அதைப் பழகுவது அதைவிடக் கடினம். லேசான நோய்க்குத் தாடையை முன்னே தள்ளும் பல் கருவி உண்டு. எடை குறைப்பதும், மதுவைத் தவிர்ப்பதும், பக்கவாட்டில் படுப்பதும் உதவும். உடல் பருமனோடு இந்த நோயும் இருப்பவர்களுக்கு டிர்செபடைட் ஊசியை 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வரும் என்பதால் எடையை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஒரு ராத்திரித் தூக்கப் பரிசோதனைதான் உறுதி செய்யும். பலருக்கு அதை வீட்டிலேயே செய்துவிடலாம்.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. 1965இல் கருவிகள் பதிவு செய்ததை, எத்தனையோ வீடுகளில் மனைவிமார்கள் அதற்கு முன்பே பார்த்திருப்பார்கள். "மூச்சு அப்படியே நிக்குதுங்க, பயமா இருக்கு, தட்டி எழுப்புறேன்" என்று சொல்லியிருப்பார்கள். நாம் சிரித்திருப்போம். தூங்குபவனுக்குத் தன் நோய் தெரியாது. சாட்சி பக்கத்தில் விழித்திருப்பவர்தான். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இந்த நோய் அதிகமாகிறது. அவர்கள் சொல்வது அசதி, காலைத் தலைவலி, தூக்கமின்மை என்றுதான் இருக்கும். பொம்பளை குறட்டை விடுவதா என்ற வெட்கம் வேறு. கணவர் இறந்து தனியாகப் படுக்கும் அம்மாக்களுக்குச் சாட்சியும் இல்லை.

அடுத்த முறை ஊருக்குப் போனால், அந்த வீட்டில் ஒரு ராத்திரி கொஞ்ச நேரம் விழித்திருந்து கேளுங்கள். குறட்டை சத்தம் பிரச்சினை இல்லை. அது திடீரென்று நின்றுபோகும் அந்த அமைதியைத்தான் எண்ண வேண்டும்.