சுண்ணாம்பு தடவிய முட்டி

யாழ்ப்பாணத்து உடுவிலில் 1820இல் குடியேறிய அமெரிக்க மிஷனரிமார், நாலு வருடத்தில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியவர்கள். அவர்களை அனுப்பிய சபைக்குத் தலைமையிடம் பொஸ்டன். அமெரிக்க மதுவிலக்குச் சங்கம் 1826இல் பிறந்ததும் அதே நகரில்தான். குடி பாவம் என்ற போதனை மிஷன் வளவுக்குள் வந்தது இப்படி. சைவர்களுக்கு அது புதிதல்ல. குறளில் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே உண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நின்ற இரு தரப்பும் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

அந்த மிஷனரிமாரின் தாய்நாடு 1920 ஜனவரியில் நாடு முழுவதற்கும் மதுவைத் தடுத்தது. கள்ளச் சாராயமும் அல் கபோன் போன்ற சண்டியரும் கொழுத்தார்கள். 1933 டிசம்பரில் தடை எடுபட்டது. இது எல்லோரும் அறிந்த கதை.

இலங்கையில் நடந்தது வேறு. 1912 கலால் சட்டத்தோடு கள்ளுத் தவறணைகள் பெருகப் போகின்றன என்று எதிர்ப்புக் கிளம்பியது. பிறகு, ஊரார் வாக்களித்துத் தவறணையை மூடும் ஏற்பாடு வந்தது; யாழ்ப்பாணத்தில் பல தவறணைகள் அப்படி மூடப்பட்டன. ஊர் ஒழுங்காயிற்று என்று பெரியவர்கள் மகிழ்ந்தார்கள். மரத்தில் ஏறியவரைப் பற்றி யார் பேசினார்கள்?

பனை சீவுவோர் காலையும் மாலையும் ஏறி இறங்கவேண்டும். பாளையில் கட்டிய முட்டிக்குள் சுண்ணாம்பு பூசியிருந்தால் இறங்குவது கருப்பணி; காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். மரமும் உழைப்பும் ஒன்றுதான். சட்டத்துக்குள் நிற்பதா வெளியே நிற்பதா என்பதை ஒரு பூச்சு தீர்மானித்தது. ஆனால் கருப்பணி காய்ச்ச விறகு வேண்டும், அடுப்படியில் ஒரு பெண் மணிக்கணக்கில் நிற்கவேண்டும். அந்தக் கூலியை எந்த மதுவிலக்குக் கணக்கும் எழுதவில்லை.

கடலுக்கு அப்பால், 1937 அக்டோபர் 1இல் சேலம் மாவட்டத்தில் சென்னை மாகாண முதல்வர் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளிறக்குவோர் பிழைப்பு இழந்தார்கள். அரசின் வருமான ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரி வந்தது. குடிக்காதவனும் குடியைவிட்டவனுக்காக வரி கட்டினான். சொல்லப்போனால், மதுவிலக்கு 1971இல் தமிழ்நாட்டில் தளர்ந்தபோதும் அந்த வரி போகவில்லை.

யாழ்ப்பாணத்துச் சாதிச் சமூகம் சீவுவோரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்தது. கள் தேவைப்பட்ட வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் நின்றே பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடித்தார். ஒழுக்கம் பேசிய மேடைகளில் இந்த இரட்டை வேடம் பேசப்பட்டதா என்று கேட்டால், பதில் தர்மசங்கடம்தான்.

மரத்துக்கு வரி கட்டிச் சீவும் மரவரி முறை நீங்கி, 1972இல் இலங்கையின் வடக்கில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. கள்ளைச் சங்கமே வாங்கித் தவறணையில் விற்றது. ஒரு காலத்தில் மதுவிலக்குக் கூட்டங்களுக்குப் பேசுபொருளாக மட்டும் இருந்தவர்கள், தங்கள் சங்கத்துக்குத் தலைவரையும் பொருளாளரையும் தாங்களே தெரிவு செய்தார்கள்.