சாய்ந்து திரும்பும் சாமர்த்தியம்

அரக்கோணத்தில் கடல் கிடையாது. ஆனால் கடற்படை உண்டு! 1992-ஆம் வருஷம் முதல் 'ராஜாளி' என்ற கடற்படை விமானதளம் இங்கே இருக்கிறது. அந்த விமானங்கள் ஆகாயத்தில் திரும்பும்போது ஒரு பக்கத்து இறக்கையைத் தாழ்த்திக்கொண்டுதான் திரும்புகின்றன. தரையில் ஓடும் ரயிலும் அப்படியே. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போட்ட தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போயிற்று. பாதை வளையும் இடத்தில் வெளிப்பக்கத்துத் தண்டவாளத்தைச் சற்றே உயர்த்தி வைப்பார்கள். வண்டி உட்பக்கமாகச் சாய்ந்து வளைவைக் கடந்துவிடும்.

திரும்ப வேண்டுமானால் சாய வேண்டும் என்பதை எஞ்சினீயர்களுக்கு வெகுகாலம் முன்பே தண்ணீரில் கண்டறிந்தவர்கள் வடதுருவப் பக்கத்து இன்யூட் மக்கள். கட்டைகளாலும் எலும்புகளாலும் சட்டம் கட்டி, சீல் தோலைப் போர்த்திய அவர்களுடைய ஒற்றையாள் படகுக்குக் கயாக் என்று பெயர். நீண்டு ஒல்லியான படகு ஆகையால் நேராக ஓடும், திரும்பத்தான் மறுக்கும். துடுப்புக்காரன் இடுப்பை அசைத்துப் படகை ஒரு பக்கம் சாய்ப்பான். உடனே தண்ணீருக்குள் அமிழ்ந்த பாகத்தின் உருவம் மாறிவிடுகிறது. சாய்ந்த பக்கம் வில்லாக வளைகிறது. முனைகளின் பிடி தளர்கிறது. இடது பக்கம் சாய்த்தால் படகு வலது பக்கம் திரும்புகிறது!

இது தேங்கிய தண்ணீரின் சட்டம். ஓடும் தண்ணீருக்குச் சட்டம் வேறு. பாறை மறைவில் அமைதியாக நிற்கும் படகு வேகமான நீரோட்டத்துக்குள் மூக்கை நுழைத்ததும், ஓட்டம் அந்த மூக்கைப் பிடித்துத் திருப்பும். அப்போது ஓட்டம் போகிற திசைப் பக்கமாகவே சாய வேண்டும். பயந்துபோய் எதிர்ப்பக்கம் சாய்ந்தால், வருகிற வெள்ளம் தாழ்ந்த விளிம்பின்மேல் ஏறிப் படகைக் கவிழ்த்துவிடும். உடம்பு இயல்பாக எதைச் செய்ய நினைக்கிறதோ, அதுவே ஆபத்து.

நம்முடைய சென்னைக் கடற்கரையிலும் ஓடும் தண்ணீரோடு மல்லாடியவர்கள் இருந்தார்கள். துறைமுகம் ஏற்படுவதற்கு முன்பு கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் வெகு தூரத்திலேயே நங்கூரமிட்டு நின்றன. இடையில் வரிசை வரிசையாக அலைகள். அவற்றைத் தாண்டிப் பிரயாணிகளைக் கொண்டுவந்தது மசூலா படகு. அதில் ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறைந்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும்.

தட்டையான அடியும் உயர்ந்த பக்கங்களும் கொண்ட இந்தப் படகு கயாக்கைப் போல் சாய்ந்து திரும்பக் கூடியதல்ல. அலையில் குறுக்காக விழுந்தால் முடிந்தது கதை. ஆகவே பின்னால் நீண்ட துடுப்பைப் பிடித்து நின்ற தண்டலுடைய சாமர்த்தியமெல்லாம் திருப்புவதில் அல்ல, திரும்பவிடாமல் இருப்பதில்தான் இருந்தது. எந்த அலையை விடுவது, எந்த அலையோடு போவது என்று ஒரு கணத்தில் அவன் முடிவு செய்ய வேண்டும். கூடவே கட்டுமரங்களும் வரும். படகு கவிழ்ந்தால் அந்தக் கட்டுமரக்காரர்கள்தான் அலைக்குள் பாய்ந்து ஆட்களை மீட்பார்கள். கட்டுமரம் புரண்டாலும் பாதகமில்லை, மறுபடி ஏறிக்கொள்ளலாம். டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-இல் வெளியிட்ட தம் யாத்திரைப் புத்தகத்தில் அந்தப் பெயரைக் குறித்து வைத்தார். இன்று உலகமெங்கும் இரட்டை உடல் படகுக்கு அதுவே பெயர்.

1861-இல் கடலுக்குள் இரும்புப் பாலம் நீண்டது. பிறகு துறைமுக வேலை ஆரம்பமாயிற்று. 1881-ஆம் வருஷத்துப் புயல் அதன் அலைதடுப்புச் சுவர்களை உடைத்தெறிந்தது, மீண்டும் கட்டினார்கள். கப்பல்கள் உள்ளே வந்துவிட்ட பின் மசூலா படகுக்குப் பிரயாணிகள் ஏது? மரத்தைக் கட்டி மிதந்தவர்களும் பிற்காலத்தில் இயந்திரம் பொருத்திய பைபர் படகுக்கு மாறினார்கள்.

அலை நடுவே கூடுதல் கூலி கேட்டார்கள் என்று துரைமார்கள் இந்தப் படகோட்டிகளைத் திட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். உயிரைப் பணயம் வைப்பவன் கேட்கும் கூலி, உட்கார்ந்து வருபவனுக்கு எப்போதும் அதிகமாகத்தான் தோன்றும். கோட்டைக்குள் 1680-இல் எழுந்த செயிண்ட் மேரி மாதா கோவிலில் அந்தத் துரைமார்களின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவர்களைக் கரை சேர்த்த தண்டல் ஒருவனுடைய பெயரையாவது நான் எந்தக் கல்லிலும் கண்டதில்லை.