கண்ணுக்குள் ஒரு கலிங்கு

ஏரிக்கு வரத்துக்கால் மட்டும் இருந்தால் போதாது, கலிங்கும் வேண்டும் என்பதை நம் ஊர்க் குடியானவர்கள் அறிவார்கள். கலிங்கு தூர்ந்துபோன ஏரிக்கு வரத்து மட்டும் நிற்காமல் இருந்தால் கரை என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஒவ்வொருவர் கண்ணிலும் இப்படி ஒரு சிற்றேரி இருக்கிறது. கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் அமைந்த கார்னியாவுக்கும், உள்ளே இருக்கும் லென்சுக்கும் இடையே தெளிந்த நீர் நிரம்பியுள்ளது. நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இது ஊறிக்கொண்டே இருக்கிறது. அதாவது, ஒரு சொட்டு சேர இருபது நிமிடமாவது ஆகும். ஊறிய அளவு வெளியேறியும் ஆக வேண்டும் அல்லவா? கார்னியாவும், நிறத்திரையான ஐரிசும் சந்திக்கும் மூலையில் சல்லடை போன்ற ஒரு வலைத்திசு உண்டு. அதற்கு அப்பால் கண்ணை வளையமாகச் சுற்றி ஒரு நுண்ணிய கால்வாய் ஓடுகிறது. ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் ஷ்லெம் 1830-இல் இதை விவரித்ததால் ஷ்லெம் கால்வாய் என்றே பெயர் பெற்றது. இதுவே கண்ணின் கலிங்கு.

இந்த வழி அடைபட்டால் கண்ணுள் அழுத்தம் ஏறும். பெரும்பாலோர்க்கு அது 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கிறது. அழுத்தம் மிகும்போது, மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் ஒவ்வொன்றாக மடிகின்றன. (அழுத்தம் மிகாமலே நரம்பு நலிவதும் உண்டு, அங்கும் அழுத்தத்தைக் குறைப்பதே மருத்துவம்.) இதுவே கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய். இதன் ஒரு வகையில் ஐரிஸ் முன்னே தள்ளி மூலையைத் திடீரென்று அடைத்துவிடும். வலி தாங்காமல் நோயாளி அன்றே மருத்துவரிடம் ஓடுவார். மற்றொரு வகை ஓசையில்லாதது. வலி இல்லை, சிவப்பு இல்லை; பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். சென்னையிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஆய்வில், இந்த இரண்டாம் வகை நோய் கண்டறியப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அதுவரை தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். போன பார்வை எந்த அறுவையாலும் திரும்பாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இந்நோய்க்கான அறுவைகளின் வரலாறு முழுவதும், எஞ்சியதைக் காக்கும் முயற்சியின் வரலாறே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்நோய் வந்தவர் குருடாவதை மருத்துவர் பார்த்துக்கொண்டு நிற்பதே வழக்கமாக இருந்தது. 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை வெளியிட்டார். அதன் வழியே பார்த்த முதல் மருத்துவர்கள் பார்வை நரம்பின் முனையில் தெரிந்த குழியை மேடு என்று எண்ணிவிட்டார்கள்! பெர்லினைச் சேர்ந்த கிரேஃபெயும் முதலில் அப்படித்தான் நினைத்தார், பிறகு திருத்திக்கொண்டார். இவரே ஐரிசில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் அழுத்தம் தணிவதை 1857-இல் அறிவித்தவர். திடீரென்று மூலை அடைபடும் வகைக்கு அது அருமருந்தாயிற்று. ஓசையில்லா வகைக்கோ அது பெரிதும் பயன்படவில்லை. கிரேஃபெ காசநோயால் 42 வயதிலேயே மறைந்தார்.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னை எழும்பூரில் அரசு கண் மருத்துவமனை இருப்பதை அறிவீர்கள். 1819-இல் தொடங்கிய நிலையம் அது. அதன் கண்காணிப்பாளராக 1904 முதல் பணியாற்றியவர் ராபர்ட் ஹென்றி எலியட் என்ற ஆங்கிலேயர். விந்தையான மனிதர். பாம்பு நஞ்சை ஆராய்ந்தார். ஊர் ஊராகச் சென்று கண்புரையை ஊசியால் உள்ளே தள்ளிவிடும் நாட்டு வைத்தியத்தால் கெட்டுப்போன கண்களைச் சேகரித்து ஆராய்ந்து நூல் எழுதினார். ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்றபின் இந்தியக் கயிற்று வித்தை வெறும் கட்டுக்கதை என்று நிறுவுவதில் இறங்கினார்.

கலிங்கு அடைந்துவிட்டால் கரையிலேயே புது மடை திறந்துவிடலாமே என்பது எலியட்டின் வழி. வெள்விழியைப் போர்த்திய மெல்லிய படலத்தைத் தூக்கிப் பிடித்து, கார்னியாவும் வெள்விழியும் சேரும் இடத்தில் சுமார் 2 மி.மீ. குறுக்களவுள்ள வட்ட உளி ஒன்றைத் திருகி ஒரு துளை இடுவார். பிறகு படலத்தைப் பழையபடி மூடித் தைத்துவிடுவார். கண்நீர் துளை வழியே கசிந்து படலத்தின் கீழே சிறு கொப்புளமாய்த் தேங்கி மெல்ல உறிஞ்சப்படும். 1909-இல் அவர் இதை வெளியிட்டார். ஏறத்தாழ அதே சமயம் கிளாஸ்கோவில் பெர்கஸ் என்பவரும் இதுபோன்ற துளையை இட்டு வந்தார். ஆனாலும் நூற்றுக்கணக்கான கண்களில் செய்து காட்டி, நிறைகுறைகளை எழுதி, உலகெங்கும் பரவச் செய்தவர் எலியட்டே. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு ‘எலியட் அறுவை’ என்றால் எந்நாட்டுக் கண் மருத்துவருக்கும் தெரியும். அவர் பெயரால் எழும்பூரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

துளை முழுமையாகத் திறந்ததுதான் அதன் வலிமை. அதுவே அதன் குறையும் ஆயிற்று. நீர் அளவுக்கு மிஞ்சி வடிந்து கண் தளர்ந்துவிடும். கொப்புளத்தின் தோல் மெலிந்துபோய், பல ஆண்டுகள் கழித்துங்கூட அதன் வழியே கிருமி புகுந்து கண்ணையே அழித்துவிடும். 1968-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கெய்ர்ன்ஸ், துளையின்மேல் வெள்விழியின் பாதிக் கனத்தை மூடிபோல் வைத்துத் தைக்கும் டிரபெக்குலெக்டமி என்ற முறையை வெளியிட்டார். இதில் ஒரு வேடிக்கை. வலைத்திசுவின் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் ஷ்லெம் கால்வாயின் வெட்டுவாய்கள் வழியே நீர் ஓடும் என்பதே அவர் எண்ணம். உண்மையில் நீர் மூடியின் ஓரங்களில் கசிந்து, எலியட்டின் கொப்புளத்தைப் போன்ற கொப்புளமே உண்டாயிற்று. காரணம் தவறு, காரியம் வெற்றி! இன்றும் கடுமையான நோய்க்கு மருத்துவர்கள் நாடும் அறுவை இதுவே.

இவையெல்லாம் வெளியிலிருந்து உள்ளே துளைக்கும் வழிகள். உள்ளிருந்தே பழைய கலிங்கைத் தூர் வாரினால் என்ன? நேப்பிள்ஸ் நகரத்து டி வின்சென்டிஸ் 1893-இலேயே இதை முயன்றார். ஆனால், அவர் வெட்டும் இடத்தைப் பார்க்க முடியவில்லை. ஏன்? மூலையிலிருந்து வரும் ஒளி கார்னியாவின் முன்பரப்பில் மாறுநிலைக் கோணத்தைவிடச் சாய்வாக விழுகிறது. முழு அக எதிரொளிப்பு நிகழ்ந்து உள்ளேயே திரும்பிவிடுகிறது. பள்ளியில் படித்த பாடந்தான். கார்னியாவின்மேல் தகுந்த கண்ணாடி வில்லையைப் பதித்துவிட்டால் ஒளி வெளியே வரும். இந்த வில்லையின் உதவியால் மூலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வலைத்திசுவைக் கீறியவர் சான்பிரான்சிஸ்கோவின் ஆட்டோ பார்க்கன். பெரியவர்களிடம் 1930-களில் செய்து பார்த்தபோது கீறல் மீண்டும் மூடிக்கொண்டது. கைக்குழந்தைகளிடமோ வியப்பான பலன் கிடைத்தது. அதுவரை பிறவிக் கண் அழுத்த நோயோடு பிறந்த குழந்தை பெரும்பாலும் பார்வையிழப்பதே விதியாக இருந்தது.

இடைக்காலத்தில் சொட்டு மருந்துகள் பெருகின. 1979-இல் லேசர் கதிரும் வலைத்திசுவின்மீது பாய்ந்தது. அறுவையோ கடைசி ஆயுதமாக ஒதுங்கி நின்றது. ஆனால், வாழ்நாள் முழுதும் தவறாமல் சொட்டு மருந்து விடுவோர் எத்தனை பேர்? சொட்டு மருந்துக்கும் பெரிய அறுவைக்கும் நடுவே ஒரு வழி தேவைப்பட்டது.

அது பிறந்தது இந்த நூற்றாண்டில். 2004-இல் வலைத்திசுவை மின்சாரத்தால் சுட்டெடுக்கும் டிரபெக்டோம் கருவி அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. கனடாவின் இக்பால் அகமது என்ற மருத்துவர் இவ்வகை முறைகளுக்குச் ‘சிறு கீறல் கிளாக்கோமா அறுவை’ என்ற பொருளில் பொதுப்பெயர் சூட்டினார். 2012-இல் ஐஸ்டென்ட் வந்தது. 1 மி.மீ. நீளமே உள்ள டைட்டானியக் குழாய் அது. எடை 60 மைக்ரோகிராம். கண்புரை அறுவைக்காக இட்ட கீறல் வழியாகவே இதை வலைத்திசுவில் குத்திவிடுகிறார்கள். ஜென் என்ற குழாயின் கதை மாணவர்களுக்குச் சுவையானது. 6 மி.மீ. நீளம், 45 மைக்ரான் உட்குறுக்களவு உள்ள இந்த ஜெலட்டின் குழாய் எலியட்டைப் போலவே வெள்விழிக்கு வெளியே நீரை விடுகிறது. நுழைவது மட்டும் உள்ளிருந்து. நீர் மிகையாக வடியாதா? குழாயின் தடை ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்ற பாய்சாய் விதியைக் கொண்டே இதன் அளவுகளைக் குறித்தார்கள். துளையின் அகலமே இங்கே அடைப்பானும் ஆகிறது.

சைபாஸ் என்ற மற்றொரு குழாயின் கதை இப்படி முடியவில்லை. வெள்விழிக்கும் அதன் உட்புறத் திசுவுக்கும் இடையிலுள்ள வெளிக்கு இது நீரைத் திருப்பியது. இரண்டாண்டு சோதனை முடிவுகள் நன்றாக இருந்ததால் 2016-இல் ஒப்புதல் கிடைத்தது. அதே நோயாளிகளை ஐந்தாண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். கார்னியாவின் உட்புறத்தில், அதைத் தெளிவாக வைத்திருக்கும் ஓர் அடுக்குச் செல்கள் உண்டு; இழந்தால் அவை மீண்டும் வளர்வதில்லை. கண்புரை அறுவை மட்டும் செய்துகொண்டவர்களைவிடக் குழாய் பொருத்தியவர்களிடம் இச்செல்கள் ஏறத்தாழ இரு மடங்கு குறைந்திருந்தன. 2018 ஆகஸ்டில் தயாரிப்பாளரே சைபாசைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார். இரண்டாண்டோடு கணக்கை முடித்திருந்தால் இது தெரிய வந்திருக்குமா?

இப்புதிய முறைகளின் பலனையும் மிகைப்படுத்தலாகாது. இவற்றில் பல கண்புரை அறுவையோடு சேர்த்துச் செய்யப்படுபவை. கண்புரையை அகற்றுவதே அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும். ஹைட்ரஸ் என்ற 8 மி.மீ. தாங்கியைச் சோதித்தபோது, மருந்தில்லா அழுத்தம் ஐந்தில் ஒரு பங்காவது குறைந்த நிலை, இரண்டாண்டுக்குப் பின் தாங்கி பொருத்தியவர்களில் 77 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. கண்புரை அறுவை மட்டும் செய்துகொண்டவர்களிடமும் அது 58 விழுக்காடு! ஆக, கருவிக்கு உரியது இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியே. இலேசான, நடுத்தர நோய்க்கு இவை பொருந்தும். நரம்பு பெரும்பகுதி நலிந்துவிட்ட நோயாளிக்கு டிரபெக்குலெக்டமியே வேண்டியிருக்கிறது என்பது என் கணிப்பு மட்டுமன்று, பெரும்பாலான மருத்துவர்களின் கருத்தும் அதுதான்.

விலை இன்னொரு தடை. மேல்நாட்டுக் குழாய் ஒன்றின் விலையை நம் சிற்றூர் நோயாளி எப்படித் தாங்குவார்? அதனால் இங்குள்ள மருத்துவர்கள் சிலர் வேறு வழி பிடித்திருக்கிறார்கள். மருந்து ஏற்றும் சாதாரண ஊசியின் முனையைச் சற்றே வளைத்து, கண்புரை அறுவையின்போதே உள்ளே செலுத்தி, வில்லை வழியே பார்த்துக்கொண்டு வலைத்திசுவை உரித்தெடுக்கிறார்கள். ஊசியின் விலை சில ரூபாய். அது கீறும் இடம், பார்க்கனின் கத்தி கீறிய அதே மூலை.