தடைக்காலத்துக் கரண்ட் பில்: தூத்துக்குடி வீடுகளுக்கு ஏற்ற மின்சேமிப்புச் செயலி குறித்து

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விடப்படும் இந்தத் தடைக்காலம் தூத்துக்குடியில் கத்திரி வெயிலோடு சேர்ந்தே வருகிறது. மற்ற மாதங்களில் இருட்டோடு கிளம்பி இரவில் கரை திரும்பும் ஆட்கள் பகல் முழுக்க வீட்டில் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மின்விசிறி நிற்பதில்லை, ஃபிரிட்ஜ் கதவு மூடுவதில்லை. வருமானம் நின்றுபோன அதே இரண்டு மாதத்தில் கரண்ட் பில் ஏறுகிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுக்கப்படுகிறது. ஆக தடைக்காலமும் ஒரு கணக்கீட்டுக் காலமும் ஏறத்தாழ ஒரே நீளம். அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அதிலிருந்து இரண்டாயிரத்தைத் தாண்டும் ஒரு பில் போனால் மிஞ்சுவது எவ்வளவு என்பதை அந்த வீட்டுப் பெண்களிடம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குடும்பங்கள் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த உதவும் கைபேசிச் செயலியை வடிவமைப்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் இந்த வீடுதான் என்பது இக்கட்டுரையின் வாதம். எத்தனை யூனிட் ஓடியது என்று வரைபடம் காட்டும் செயலி இங்கே போதாது. எந்த நாளில், எந்தக் கட்டண எல்லைக்கு எவ்வளவு தூரத்தில் வீடு நிற்கிறது என்று ரூபாயில் சொல்லும் செயலியே பயன்படும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தூத்துக்குடிக்காரர்கள் கண்ணாலேயே பார்க்கிறார்கள். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு நிலக்கரிக் கப்பல்கள் வருகின்றன. கரி இறங்குதளத்திலிருந்து பெல்ட் வழியாகவே அனல்மின் நிலையத்துக்குப் போய்ச் சேருகிறது. தலா 210 மெகாவாட் திறனில் ஐந்து அலகுகள் கொண்ட அந்த நிலையத்தின் முதல் அலகு 1979இல் ஓடத் தொடங்கியது. பக்கத்திலேயே நெய்வேலி நிறுவனமும் தமிழக மின்வாரியமும் கூட்டாக நடத்தும் 1,000 மெகாவாட் நிலையமும் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் வாழும் குடும்பத்துக்குத் தன் வீட்டில் எவ்வளவு எரிந்தது என்பது மட்டும், கணக்கெடுப்பவர் வந்து வெள்ளை அட்டையில் எழுதும்வரை தெரியாது. அதற்குள் அறுபது நாள் முடிந்திருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்ப உலகில் பலர் முயன்றிருக்கிறார்கள். கூகுள் 2009இல் தொடங்கிய ‘பவர்மீட்டர்’ 2011இல் மூடப்பட்டது. அதே 2009இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ‘ஹோம்’ 2012இல் நின்றது. இரண்டுமே பணபலமோ தொழில்நுட்பமோ இல்லாமல் நின்றவை அல்ல. தகவலைக் கொடுத்தால் மனிதர்கள் தாமாகவே குறைத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கைதான் அவற்றில் பலவீனமாக இருந்தது என்று கருத இடமிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சாரா டார்பி 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மீட்டரை உடனுக்குடன் பார்க்க முடிந்த வீடுகளில் 5 முதல் 15 சதவீதம்வரை சேமிப்பு கிடைத்திருந்தது. பின்னர் அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளுக்குத் தபாலில் அனுப்பப்பட்ட, பக்கத்து வீடுகளோடு ஒப்பிடும் அறிக்கைகளைப் பொருளியலாளர் ஹன்ட் ஆல்காட் ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு இதைவிட அடக்கமானது: சராசரியாக 2 சதவீதம். வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் முடிவெடுக்கும் நேரத்தில் கைக்கு வரும் தகவலுக்கும் காலம் கடந்து வரும் தகவலுக்கும் உள்ள தூரம் அவற்றில் முக்கியமானது.

தமிழ்நாட்டில் அந்த ‘நேரம்’ எது என்பதைக் கட்டண அமைப்பே சொல்லிவிடுகிறது. 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், அதற்கடுத்த 200க்கு 4.50, கடைசி 100க்கு 6 ரூபாய். 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 2.25 ரூபாய்ச் சலுகை முழுவதும் போய், பில் 1,958 ரூபாயாகிவிடும். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதன் பிறகு கட்டணம் திருத்தப்பட்டது உண்மைதான். எனினும் செயலி கவனிக்க வேண்டியது இந்தப் படிக்கட்டை.

ஆகவே அந்த 2022 கட்டணப்படி, முப்பதாம் நாளில் 265 யூனிட் ஓடியிருக்கும் ஒரு வீட்டுக்குச் செயலி சொல்ல வேண்டிய செய்தி மிகச் சிறியது: “இப்படியே போனால் 530 யூனிட், பில் 2,190 ரூபாய். இனி தினம் ஒரு யூனிட் குறைத்தால் 1,725 ரூபாய்.” மீதி 30 நாளில் 465 ரூபாய் மிச்சம். இதைத் தமிழில், குரலாகவும் சொல்ல வேண்டும். வீட்டில் ஸ்மார்ட்போன் பெரும்பாலும் கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடமோ கணவரிடமோ இருக்கும். செலவுக் கணக்கு அம்மாவிடம் இருக்கும். ஒரு இணைப்புக்கு இரண்டு எண்களைப் பதிய இடம் தராத செயலி, பாதி வீடுகளில் தவறான ஆளிடம் பேசிக்கொண்டிருக்கும்.

பொதுவான அறிவுரைகள் ஏன் எடுபடுவதில்லை என்பதற்கும் விடை இதே படிக்கட்டில்தான் இருக்கிறது. பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட் அளவில் ஓடும். நாளுக்கு 16 மணி நேரம் சுழன்றால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 43 யூனிட் மிச்சம். இந்த 43 யூனிட் எல்லா வீட்டிலும் ஒரே பணம் ஆவதில்லை. 520 யூனிட் ஓடும் வீட்டில் பில் 2,110இலிருந்து 1,587க்கு இறங்கும். 523 ரூபாய் லாபம். 300 யூனிட் வீட்டில் லாபம் 194 ரூபாய்க்குள். 120 யூனிட் வீட்டிலோ வெறும் 45 ரூபாய். மூவாயிரம் ரூபாய் அளவில் விற்கும் விசிறியை வாங்கச் சொல்லி இந்த மூன்று வீடுகளுக்கும் ஒரே அறிவிப்பை அனுப்புவது நியாயமில்லை. முதல் வீட்டுக்கு அது ஓராண்டிலேயே பெருமளவு திரும்பிவரும் செலவு. மூன்றாவது வீட்டுக்கு வீண் கடன்.

ஸ்மார்ட் மீட்டர் வரும்வரை இதெல்லாம் எப்படி நடக்கும் என்ற கேள்வி நியாயமானது. வழி ஏற்கெனவே இருக்கிறது. 2021 மே ஊரடங்கின்போது மீட்டரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப மின்வாரியமே நுகர்வோரை அனுமதித்தது. வாரம் ஒருமுறை ஒரு படம் போதும். சிக்கல் சிறிய விஷயத்தில் இருக்கிறது: டிஜிட்டல் மீட்டரின் திரையில் வோல்ட், ஆம்பியர், உச்ச மின்தேவை என்று எண்கள் மாறி மாறி ஓடும், யூனிட் எண் சில நொடிகள் மட்டுமே நிற்கும். எந்த எண்ணைப் பிடிப்பது என்று தெரியாமல் கைபேசியோடு நிற்பவர் அடுத்த வாரம் படம் எடுக்க மாட்டார். சரியான எண் வந்ததும் செயலி தானே அடையாளம் கண்டு பதிந்துகொள்ள வேண்டும். வடிவமைப்பாளரின் உழைப்பு வண்ண வரைபடங்களைவிட இந்தச் சில நொடிகளுக்கே அதிகம் தேவைப்படுகிறது.

வாடகை வீடு இன்னொரு சிக்கல். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று உரிமையாளர் வசூலிக்கும் வீட்டில் இலவச யூனிட்டும் சலுகைப் படிகளும் வாடகைக்காரருக்குத் தெரிவதேயில்லை. அவருக்குச் செயலி வேறு கணக்கைக் காட்டியாக வேண்டும்.

பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டுக் காட்டும் உத்தி உலகெங்கும் பிரபலம். இந்தியாவில் அனந்த் சுதர்சன் நகர்ப்புறக் குடும்பங்களிடையே நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், வாராந்திர ஒப்பீட்டு அறிக்கையால் கோடைப் பயன்பாடு 7 சதவீதம் குறைந்தது. ஆனால் கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு ஒரு எச்சரிக்கையைத் தருகிறது: சராசரியைவிடக் குறைவாகப் பயன்படுத்தியவர்கள், அது தெரிந்ததும் கூடுதலாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். தூத்துக்குடியில் இந்த ஒப்பீடு இன்னும் சிக்கலானது. விசைப்படகுத் தொழிலாளிக்கு வேலையில்லாத சித்திரையும் வைகாசியும் உப்பளத் தொழிலாளிக்கு மும்முர மாதங்கள். அவருக்கு வேலை நிற்பது ஐப்பசி மழையில். ஒருவர் பகலில் வீட்டில் இருக்கும்போது மற்றவர் பாத்தியில் நிற்கிறார். இவர்கள் இருவரையும் ஒரே பட்டியலில் வைத்து ‘அதிகம்’, ‘குறைவு’ என்று சொல்வது தவறான கணக்கு. ஒரு வீட்டை அதே வீட்டின் சென்ற ஆண்டு இதே காலத்தோடு ஒப்பிடுவதே இங்கே பொருந்தும்.

இந்தக் கடற்கரைக்குச் செயலி புதிதல்ல. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ செயலி, ஹைதராபாதிலுள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸின் தரவைக் கொண்டு அலையின் உயரம், காற்றின் வேகம், கடல் எல்லை எச்சரிக்கை ஆகியவற்றைத் தமிழிலேயே தருகிறது. கடலியல் பாடம் எதையும் அது நடத்துவதில்லை. இன்று போகலாமா, வேண்டாமா என்ற கேள்விக்கு உதவுகிறது. அலை உயரத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டுக் கிளம்பும் வீட்டில், கட்டண எல்லையையும் அதேபோல் பார்க்கும் பழக்கம் வருவதற்குத் தடை எதுவும் இல்லை.

ஓர் ஆட்சேபம் மிச்சமிருக்கிறது; அதை எளிதில் தள்ளிவிட முடியாது. நூறு, நூற்றிருபது யூனிட்டில் வாழும் குடும்பத்திடம் இன்னும் குறை என்று சொல்ல யாருக்கு உரிமை? யாருக்கும் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே கைக்குழந்தை தூங்கும் இரவில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லும் செயலி, சேமிப்பின் பெயரால் கேடு செய்கிறது. அத்தகைய வீட்டுக்கு ‘உங்கள் பயன்பாடு சரியாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள அது பழக்கப்பட வேண்டும். குறைக்கச் சொல்வதற்கு ஒரு கீழ்வரம்பு வைப்பதை வடிவமைப்பின் முதல் விதியாகவே எழுதிவைக்கலாம்.

சோதனை ஓட்டத்தை எங்கே, எப்போது நடத்துவது என்பதும் இதிலிருந்தே பிறக்கிறது. 2017இல் பொலிவுறு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட தூத்துக்குடியில், திரேஸ்புரம் போன்ற மீனவர் பகுதி ஒன்றையும் உப்பளத் தொழிலாளர் வாழும் பகுதி ஒன்றையும் எடுத்துக்கொள்ளலாம். குலுக்கல் முறையில் பாதி வீடுகளுக்குச் செயலியை பிப்ரவரியிலேயே கொடுத்துவிட வேண்டும். படம் எடுக்கும் பழக்கம் தடைக்காலத்துக்கு முன்பே வந்துவிடும். மறுபாதிக்கு ஓராண்டு கழித்துக் கொடுக்கலாம். எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதை வெற்றியாக எண்ணக் கூடாது. ஜூனில் எழுதப்படும் ரீடிங்கை முந்தைய ஆண்டு ஜூன் ரீடிங்கோடு வைத்து, 500ஐத் தாண்டாமல் நின்ற வீடுகள் இரண்டு பாதிகளிலும் எத்தனை என்று எண்ண வேண்டும். கூடவே, வெயிலில் விசிறியை நிறுத்தி யாராவது அவதிப்பட்டார்களா என்பதையும் வீடு வீடாகக் கேட்டுப் பதிய வேண்டும்.