ஒரே செடி, பல பறிப்பு: மீள் அளவீட்டில் ஒப்பீட்டு எடைகள் வளர்ந்த வரலாறு

மஞ்சக்குட்டை உள்ளிட்ட சேர்வராயன் மலை ஊர்களில் அராபிகா காப்பி வளர்ப்பவர்கள் அறிந்த உண்மை ஒன்று உண்டு. ஒரு வருஷம் கிளை தாழக் காய்த்த செடி மறுவருஷம் இளைத்துவிடும்.  ஆகவே இந்தப் பயிரில் நிழலையோ உரத்தையோ சோதிக்கும் ஆய்வாளர் அதே செடிகளின் பழத்தை ஆண்டுதோறும் எடைபோட வேண்டியிருக்கிறது. இங்கே ‘ஆண்டு’ ஒரு வகைப்பாட்டு மாறி. தொடர்புப்போக்கு மாதிரிக்குள் அதை எந்த எண்களாக நுழைப்பது என்பதைக் கணினி முடிவு செய்யக் கூடாது, சோதனையின் கேள்வியே முடிவு செய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கேள்வி வயலில்தான் பிறந்தது. ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தின் பிராட்பாக் வயலில் பல்லாண்டுகள் திரண்ட கோதுமை விளைச்சலை 1921-இல் புள்ளியியலாளர் ஃபிஷர் ஒன்றுக்கொன்று செங்குத்தான பல்லுறுப்புக் கோவைகளால் பிரித்துக் காட்டினார். 1938-இல் விஷார்ட் பன்றிகளின் வளர்ச்சியை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு விலங்கின் தொடர் அளவுகளையும் ஓரிரு எண்களாகச் சுருக்கி, அந்த எண்களையே ஒப்பிட்டார். இப்படிச் சுருக்கும்போது ஒவ்வோர் அளவையும் பெருக்கும் எண்களே ஒப்பீட்டு எடைகள்; அவற்றின் கூட்டுத்தொகை பூஜ்யமாக இருந்தால், செடிக்குச் செடி உள்ள நிலையான வேறுபாடு தானாகக் கழிந்துவிடும். மீள் அளவீட்டின் பலமே இதுதான்.

இதற்குத் தேவையான கோட்பாட்டில் பெரும்பங்கு இந்தியர்களுடையது. தரவிலிருந்து எந்த ஒப்பீட்டை மதிப்பிட முடியும், எதை முடியாது என்பதை ஆர்.சி. போஸ் 1944-இல் வரையறுத்தார். வளர்ச்சிக் கோடுகளை ஒப்பிடும் முறையை சி.ஆர். ராவ் 1958-இல் எழுதினார். அணியின் பொதுமைப்படுத்திய நேர்மாறு பற்றிய அவருடைய கட்டுரை 1962-இல் வந்தது. வகைப்பாட்டு மாறியை எண்களாக்கும் இன்றைய குறியீட்டு முறைக்கு அந்த நேர்மாறே அடித்தளம். நாம் கேட்கும் கேள்விகளை ஓர் அணியாக எழுதி, அதன் நேர்மாறை எடுத்தால் மாதிரிக்குரிய குறியீடு கிடைக்கும். ஷாட், ஷ்ரவண் வசிஷ்ட் முதலியோர் 2020-இல் இதைத் தெளிவாக விளக்கினர்.

மென்பொருள்கள் போன வழி வேறு. ‘எஸ்’ என்ற புள்ளியியல் மொழி ஹெல்மர்ட் எடைகளைத் தானாகப் போட்டது: ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிடப்படும். அதன் வழிவந்த ‘ஆர்’ முதல் ஆண்டை அடிப்படையாக்குகிறது. ஆண்டும் நிழலும் இணைந்து செயல்படும் மாதிரியில், அப்போது ‘நிழல்’ என்ற கெழு முதல் ஆண்டின் வேறுபாட்டை மட்டுமே சொல்லும். முதல் ஆண்டு செடிகள் இளைத்த ஆண்டாக இருந்தால் முடிவு எவ்வளவு தவறாகப் படிக்கப்படும்!

நான்கு பறிப்புகள் என்று கொள்வோம். காய்ப்பும் இளைப்பும் மாறி வருவதை +1, −1, +1, −1 என்ற எடைகள் பிடிக்கும். நேர்கோட்டுப் போக்கின் எடைகள் −3, −1, 1, 3. இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் −4 வருகிறது, பூஜ்யம் அல்ல; அதாவது இரண்டும் செங்குத்தாக இல்லை. செடி முதிர்ந்து விளைச்சல் கூடுவதும், மாறி மாறிக் காய்ப்பதும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. வழக்கமான பல்லுறுப்புக் குறியீட்டை இட்டாலோ, மாறிக் காய்த்தல் நேர்கோட்டுக் கூறுக்கும் முப்படிக் கூறுக்கும் பங்காகிப் போகும். ஐந்து பறிப்புகள் இருந்தால் 2, −3, 2, −3, 2 என்ற எடைகள் நேர்கோட்டுப் போக்குக்குச் செங்குத்தாக அமைகின்றன. வளைவுப் போக்கு இருந்தால் அதையும் தனியே மாதிரியில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எல்லாச் செடிகளும் ஒரே வருஷத்தில் இளைப்பதில்லை. ஒன்றின் ஏற்றமும் மற்றொன்றின் இறக்கமும் சராசரியில் அடிபட்டுப்போகும். லேர்டும் வேரும் 1982-இல் வகுத்த கலப்பு மாதிரி இதற்கு வழி தருகிறது: ஒப்பீட்டின் அளவு செடிக்குச் செடி வேறுபட இடம் கொடுக்க வேண்டும். பொதுச் சராசரி மட்டும் மாற இடம் விட்டு, ஒப்பீட்டை எல்லாச் செடிக்கும் ஒன்றாகப் பூட்டினால், பிழை அளவு பொய்யாகச் சிறுத்துவிடும். பல வெளியீடுகளில் இந்தக் குறையே மிகப் பெரிது என்பது என் கணிப்பு.

மலைப்பயிர்ச் சோதனை வகுப்போர் நான்கோடு நிறுத்தாமல் ஐந்தாம் பறிப்பையும் எடுக்க வேண்டும். எடைகளை முதல் பறிப்புக்கு முன்பே திட்ட ஏட்டில் எழுதிவிட வேண்டும்.